பாடு: பழவேற்காட்டின் இன்னொரு வரலாறு

பழவேற்காடு பற்றிப் பதிவு போட்டா ரெண்டு படம் கட்டாயம் இருக்கும். ஒண்ணு டச்சுக் கல்லறையில் செதுக்கின எலும்புக்கூடு, இன்னொண்ணு பூநாரை. ரெண்டும் அழகுதான், மறுக்கலை. ஆனா அந்த ஊர் வரலாற்றை என்னை எழுதச் சொன்னா முகத்துவாரத்தில்தான் ஆரம்பிப்பேன். ஏரியும் கடலும் சந்திக்கிற அந்த மணல் வாய் திறந்திருந்தா குப்பத்தில் உலை கொதிக்கும். அடைச்சுக்கிட்டா திண்டாட்டம்.

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவங்களுக்கு இதுதான் தலைமையிடம். துணி போச்சு, வெடிமருந்து போச்சு, அடிமைகளாக மனுஷங்களும் கப்பலேறிப் போனாங்க (சுற்றுலாக் கட்டுரைகளில் இந்தக் கடைசி சரக்கு வராது). அவ்வளவு பெரிய கம்பெனியோட கப்பல்களும் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு, படகு வச்சுத்தான் சரக்கு ஏத்தணும். மணல்கிட்ட யார் பாச்சாவும் பலிக்கலை. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு.

மீனவர்கள் அந்த மணலை ஜெயிக்கப் பார்க்கலை, அதுக்கேத்த மாதிரி ஒரு சட்டம் பண்ணிக்கிட்டாங்க. அதுக்குப் பேர் 'பாடு'. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியா ஏரிக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். தண்ணி வெளியே இறங்கும்போது குறுக்கே சுத்துவலை கட்டினா நல்ல பாடு. ஆனா நல்ல இடம் கொஞ்சம், ஆள் நிறைய. அதனால சீட்டு, முறைன்னு வச்சு, இன்னைக்கு இந்த இடத்தில் யார் வலை கட்டலாம்னு ஊரே தீர்மானிக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் மூணு ஊருக்கும் இதில் பழைய உரிமை. செபாஸ்டியன் மேத்யூ 1991-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்புக்காக இதை விரிவா எழுதினார்.

ரொம்பப் புகழவும் முடியலைங்க. உரிமை தலைக்கட்டு ஆண்களுக்கு, அதுவும் குறிப்பிட்ட சாதிக்கு. ஆழமில்லாத தண்ணியில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்குச் சீட்டில் பேர் கிடையாது. மற்ற ஊர்க்காரங்களும் பங்கு கேட்டுச் சண்டை நடந்திருக்கு.

ஆனா இந்தப் பங்கீடு முழுக்க ஒரு நம்பிக்கை மேல நிக்குது: வடகிழக்குப் பருவமழை நேரத்துக்கு வரும், ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டுவந்து வாயை உடைக்கும், கோடையில் அது சுருங்கும். அந்தக் காலண்டர்தான் இப்போ ஆட்டம் காணுது. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-2015-க்குள் சராசரியா 1 டிகிரி சூடாகியிருக்கு. சூடான கடல் புயலுக்குத் தீனி. ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துட்டு மாசக்கணக்கில் மழை காணாமல் போனா ஏரியின் உப்பு தாறுமாறாகும். கோடையில் வாய் அடைச்சா குஞ்சு உள்ளே வராது, தண்ணி வத்தி உப்பு ஏறும், கடலுக்குப் போற படகும் நின்னுடும். சீட்டில் முறை வந்து என்ன பிரயோஜனம்?

கடல் மீனும் இடம் மாறுது. கேரளக் கரை மீன்னு பேர் வாங்கின மத்தி 1980-களுக்கு அப்புறம் தமிழ்நாட்டுக் கரையிலும் ஏராளமா விழ ஆரம்பிச்சதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் பதிவு பண்ணியிருக்காங்க. பெரிய வலைக்காரருக்கு அது லாபம். ஏரி இறாலை நம்பினவருக்கு அதில் ஒண்ணுமில்லை.

அதுக்காக எல்லாப் பழியையும் வெயில் தலையில் போடுறதும் சௌகரியமான வேலை. நம்ம கரையில் வருஷக் கணக்குப் பார்த்தா மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், அதுக்கப்புறம் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்துச்சு, ரெண்டும் பழவேற்காட்டுக்குத் தெற்கேதான். அலைதடுப்புச் சுவர் மணலை மறிச்சா அதுக்கு வடக்கே கரை அரிக்கும். கடல் மட்டம் ஏறுற காலத்தில் இது வேறயா!

முகத்துவாரத்தை நிரந்தரமாத் திறந்து வைக்க ரெண்டு பக்கமும் கல்சுவர் கட்டணும்னு மீனவர்கள் பல வருஷம் கேட்டு, தமிழக அரசும் திட்டத்தைக் கையில் எடுத்துச்சு. வாய் ஒரே இடத்தில் நின்னா நீரோட்டம் மாறும். அப்போ நல்ல பாடு எங்கே விழும், சீட்டு யார் பேருக்கு, தடவிப் பிடிக்கிற பெண்களுக்கு எந்தத் தண்ணி? இதை எந்தப் பொறியாளர் வரைபடமும் சொல்லாது, அந்தக் குப்பங்களில்தான் கேட்கணும். அந்தப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, உங்க ஊரில் இப்போ சீட்டு எப்படிப் போடுறாங்கன்னு பின்னூட்டத்தில் எழுதுங்க.