விலங்கின் விலாசம் சொல்லும் கணக்கு

2050இல் காபி எந்த மலையில் விளையும், எந்தப் பறவை எந்தக் காட்டுக்கு இடம்பெயரும் என்று பச்சையும் சிவப்புமாகத் தீட்டிய வரைபடங்களை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். உயிரினப் பரவல் மாதிரி என்று அதற்குப் பெயர். அடிப்படை எளிதானது. ஓர் உயிர் தென்பட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்குள்ள வெயில், மழை, உயரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அதே வாகுள்ள இடங்கள் வேறெங்கே இருக்கின்றன என்று கணினியிடம் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ள இருநூறு ஆண்டுகள் ஆயின. வழியில் கைகொடுத்த பலருக்கு விலங்குகளோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

1802 ஜூன் 23 அன்று, இன்றைய எக்வடோரில் உள்ள சிம்போராசோ எரிமலையில் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் ஏறினார். உச்சியைத் தொடவில்லை. ஆனால் உயரம் கூடக்கூடச் செடிகள் வரிசையாக மாறுவது அவர் மனத்தில் பதிந்தது. 1807இல் வெளியான அவருடைய படத்தில் மலை குறுக்காக வெட்டப்பட்டிருக்கும். எந்த உயரத்தில் எந்தச் செடி என்று பெயர்கள் மலையின் மேலேயே எழுதியிருக்கும். அந்தச் செடிகளில் பெரும்பாலானவை உண்மையில் அன்டிசானா என்ற வேறோர் எரிமலையில் கண்டவை என்று 2019இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலகப் புகழ்பெற்ற முதல் பரவல் படத்திலேயே இடம் மாறிப்போயிருக்கிறது! ஹம்போல்ட்டின் இன்னொரு கொடை 1817இல் வந்தது. சராசரி வெப்பநிலை ஒன்றாக உள்ள ஊர்களை ஒரே கோட்டால் இணைத்துக் காட்டினார். செடியின் படமும் வெப்பத்தின் படமும் ஒரே மனிதரிடமிருந்து கிடைத்துவிட்டன. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பதுதான் பாக்கி.

அதற்கு உழவர்கள் காரணமானார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த ஹார்ட் மெரியம், 1889இல் அரிசோனாவின் சான் பிரான்சிஸ்கோ மலைகளில் விலங்குகளையும் செடிகளையும் பட்டியலிட்டார். அடிவாரத்துப் பாலையிலிருந்து உச்சிக்குப் போவது கனடா வரை வடக்கே நடப்பதைப் போலவே உயிர்களை மாற்றிக் காட்டியது. வெப்பநிலையை வைத்து நாட்டையே வாழ்வு மண்டலங்களாகப் பிரித்தவர், 1898இல் எந்த மண்டலத்தில் எந்தப் பயிர் விளையும் என்று உழவர்களுக்குச் சொல்லும் அறிக்கை ஒன்றையும் வெளியிட்டார். வெப்பம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற அவர் கொள்கை நிலைக்கவில்லை. கேள்வி நிலைத்தது.

அடுத்த கட்டத்துக்குப் பணம் கொடுத்தது ஹவாய்த் தீவின் கரும்பு. சர்க்கரை வணிகக் குடும்பத்தில் பிறந்த ஆனி அலெக்சாண்டர் தன் செல்வத்தில் பெர்க்லியில் முதுகெலும்பிகள் அருங்காட்சியகத்தை நிறுவ, 1908இல் ஜோசப் கிரின்னல் அதன் முதல் இயக்குநரானார். கலிஃபோர்னியா திராஷர் என்ற பறவை ஏன் அடர்ந்த புதர்க்காட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று 1917இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் மூலநூல்களில் ஒன்று. எனக்கு அந்தக் கட்டுரையைவிட அவருடைய குறிப்பேடுகள்மேல்தான் மதிப்பு அதிகம். பிடித்த ஒவ்வோர் எலிக்கும் இடம், நாள், சூழல் எல்லாவற்றையும் எழுதியே ஆக வேண்டும் என்று மாணவர்களைப் பழக்கினார். இதன் பலன் ஒரு நூற்றாண்டு கழித்துக்கூடத் தெரியலாம் என்றும் எழுதிவைத்தார். சரியாகவே கணித்திருந்தார். யோசெமிட்டியில் அவர் குழு நடந்த தடத்திலேயே பெர்க்லி ஆய்வாளர்கள் மறுபடி நடந்து, சிறு விலங்குகளில் ஏறத்தாழப் பாதி இனங்கள் சராசரியாக 500 மீட்டர் மேலே ஏறிவிட்டதை 2008இல் வெளியிட்டார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் டென்மார்க்கின் யோஹான்னஸ் இவர்சனுக்குக் கேள்வியே தலைகீழ். சதுப்பு நிலத்தில் புதைந்த மகரந்தத்தைக் கொண்டு பழங்காலத் தட்பவெப்பத்தை அறிய விரும்பினார். அதற்காக ஹோலி, ஐவி, புல்லுருவி மூன்றும் எவ்வளவு குளிரைத் தாங்கும், எவ்வளவு வெயிலைக் கேட்கும் என்று வானிலை நிலையங்களின் அளவுகளோடு பொருத்தி 1944இல் வரைபடம் போட்டார். செடியிலிருந்து வானிலைக்குப் போக அவர் கட்டிய பாலத்தில் பின்னால் வந்தவர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள்.

1957 ஒரு வினோதமான ஆண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் ஈவ்லின் ஹட்சின்சன், ஒரு மாநாட்டின் முடிவுரையாக எழுதிய கட்டுரையில், ஓர் உயிரின் தேவைகள் ஒவ்வொன்றையும் ஓர் அச்சாக வைத்தால் அது வாழக்கூடிய நிலைகளெல்லாம் பல பரிமாணங்கள் கொண்ட ஒரு வெளியாகும் என்றார். அதே ஆண்டு இயற்பியலாளர் எட்வின் ஜேன்ஸ், அரைகுறைத் தகவலிலிருந்து நேர்மையாக முடிவெடுப்பது எப்படி என்று எழுதினார்: தெரிந்ததற்கு முரண்படாதே, தெரியாததைப் பற்றி எதையும் கூட்டிச் சொல்லாதே. இந்த இரண்டு எண்ணங்களும் ஒன்றையொன்று சந்திக்க அரை நூற்றாண்டு பிடித்தது.

இடையில் ஆஸ்திரேலியா வருகிறது. வானிலை நிலையம் இல்லாத காட்டில் மழை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? மைக்கேல் ஹட்சின்சன் (முன்னவரோடு பெயர் ஒற்றுமை மட்டுமே) நிலையங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தைக் கணிதத்தால் நிரப்பினார். அதை வைத்து 1984இல் ஹென்றி நிக்ஸும் நண்பர்களும் பயோகிளிம் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். நாகத்தின் உறவினரான ஆஸ்திரேலிய நச்சுப்பாம்புகளின் பரவலை நிக்ஸ் அதைக் கொண்டு 1986இல் ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் 19 தட்பவெப்ப அளவீடுகளின் பட்டியல் அங்கிருந்து கிளைத்ததுதான்.

பாம்புக்குப் பயன்பட்டது மரத்துக்கும் பயன்பட்டது. ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் அயல்நாடுகளுக்குப் போவது அப்போது புதிதல்ல. நீலகிரிக்கு அது 1843இலேயே வந்துவிட்டது. அன்று நட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். இப்போது டிரெவர் பூத் போன்ற வனவியலாளர்கள் எந்த நாட்டில் எது தழைக்கும் என்று முன்கூட்டியே கணிக்க முயன்றார்கள். தோட்டங்கள் அவர்களுக்கு ஒரு பாடம் வைத்திருந்தன: சொந்த மண்ணில் ஒரு மரம் வாழும் இடத்தைவிட அதனால் வாழ முடிந்த இடம் பன்மடங்கு பெரிதாக இருக்கலாம். ரேடியாட்டா பைன் இயற்கையாக வளர்வது கலிஃபோர்னியக் கரையில் மூன்று சிறு இடங்களிலும் இரண்டு மெக்சிகோ தீவுகளிலும் மட்டும். நியூசிலாந்திலும் சிலியிலும் அதே மரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தோட்டங்களாக நிற்கிறது. பிறந்த இடத்தை மட்டும் பார்க்கும் எந்தக் கணக்கும் இதைச் சொல்லியிருக்காது.

தவறிய கணக்கிலும் லாபம் உண்டு. மடகாஸ்கரின் 11 பச்சோந்தி இனங்களுக்குக் கிறிஸ்டோபர் ராக்ஸ்வொர்த்தி குழு வரைபடம் தயாரித்தபோது, பச்சோந்தி இருக்க வேண்டும் என்று கணினி சொன்ன சில பகுதிகளில் அந்த இனங்கள் இல்லை. விடாமல் அங்கே போய்த் தேடினார்கள். அறிவியல் அதுவரை அறியாத ஏழு புதிய பச்சோந்தி இனங்கள் கிடைத்தன. 2003இல் இது நேச்சர் இதழில் வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பிழை இது.

ஜேன்ஸின் எண்ணம் இதற்குள் எங்கெங்கோ சுற்றிவிட்டது. 1990களில் ஐபிஎம் ஆய்வாளர்கள், கனடா நாடாளுமன்றத்தின் இருமொழிப் பதிவுகளை வைத்துப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குக் கணினியை மொழிபெயர்க்கவைக்க அதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கணிதத்தைக் காட்டுக்குக் கொண்டுவந்தவர் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஸ்டீவன் பிலிப்ஸ். பிரின்ஸ்டனின் ராபர்ட் ஷாபயரும் மிரோஸ்லாவ் டூடிக்கும் கூட இருந்தார்கள். மேக்ஸென்ட் என்று பெயரிட்ட அவர்கள் முறையைப் பற்றி 2004இல் முதல் கட்டுரை வந்தது. 2006இல் தென்னமெரிக்க மூவிரல் அசமந்தத்தையும் (ஸ்லாத்) ஒரு மலை எலியையும் வைத்து விரிவான விளக்கம் வந்தது. அருங்காட்சியகத்தில் ஓர் உயிர் இருந்த இடம் மட்டுமே பதிவாகியிருக்கும். இல்லாத இடத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்த அரைகுறைத் தகவலுக்கென்றே பிறந்ததுபோல் மேக்ஸென்ட் பொருந்தியது. அதே 2006இல் 226 இனங்களை வைத்து 16 முறைகளை மோதவிட்ட ஒப்பீட்டில் அது முன்வரிசையில் நின்றது. இலவசம், சில சொடுக்குகளில் வரைபடம். பிறகென்ன, ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

எச்சரிக்கை மணி அடித்தவர்கள் தேர்ந்தெடுத்த விலங்கு சாஸ்க்வாச்! வட அமெரிக்கக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் கற்பனை மனிதக் குரங்கு அது. அதைப் பார்த்ததாக மக்கள் பதிந்த இடங்களை ஜெஃப்ரி லோசியரும் சகாக்களும் 2009இல் மேக்ஸென்ட்டில் போட்டார்கள். அருமையான வரைபடம் வந்தது. கருங்கரடியின் பரவலோடு பெரிதும் ஒத்துப்போனது. நுழையும் தகவல் தவறாக இருந்தாலும் வெளிவரும் வண்ணங்கள் மங்குவதில்லை. 2020இல் இதே முறையைக் கோவிட் தொற்றின்மேல் பலர் அவசரமாகப் பிரயோகித்தபோது, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்க்கு இது பொருந்தாது என்று சூழலியலாளர்களே எழுதித் தடுக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவை பார்ப்பவர்கள் இ-பேர்ட் தளத்தில் பதியும் பட்டியல்களும் இந்தக் கணக்குகளுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. பட்டியலின் முடிவில் அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? ஆம் என்று சொன்னால் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிவிடுகிறது. பார்த்தார்கள், அன்று அது அவர்கள் கண்ணில் படவில்லை. கிரின்னலின் அலமாரிகளில் கிடைக்காத விவரம் அது. அதனால் காகத்தையும் மைனாவையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.