'பி1326' கோடு வந்தால் சென்சாரை மாத்தினா போதுமா? 'பி1' கோடுகளின் அர்த்தம் என்ன?

காரில் மஞ்சள் நிற 'செக் இன்ஜின்' லைட் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் 'பி1326' என்று காட்டுகிறது. நெட்டில் தேடினால் 'நாக் சென்சார்' என்று ஏதோ வருகிறது. "அப்போ சென்சாரை மாத்திடலாம்" என்று பலரும் கிளம்பிவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு லேசு இல்லை.

பி0, பி1: என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்கு ஓபிடி-2 முறை கட்டாயம். இதில் 'பி' என்றால் கோளாறு இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம். அடுத்த எண் 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. பி0300 எந்தக் காரில் வந்தாலும் மிஸ்ஃபயர்தான். ஆனால் அந்த இடத்தில் 1 இருந்தால், அது கார் கம்பெனி தானாக வைத்துக்கொண்ட கோடு.

ஹோண்டாவில் பி1259 வந்தால் விடெக் சிஸ்டத்தில் பிரச்னை. இதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஆயில் அளவைத்தான். ஃபோர்டில் பி1000 வந்தால் கோளாறே இல்லை. கோடை அழித்த பிறகு காரின் சுயபரிசோதனை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் விலை குறைந்த ஸ்கேனர் காட்டும் விளக்கத்தை அப்படியே நம்பாமல், அந்த கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைப் பார்ப்பதே சரி.

பி1326 என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் விற்ற ஹூண்டாய், கியா கார்களின் 'தீட்டா 2' இன்ஜின்களில் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்து, ஓடும்போதே இன்ஜின் நின்றுபோகும் பிரச்னை இருந்தது. 2015-ல் ரீகால் தொடங்கியது. பின்னர் கம்பெனிகள் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றின. நாக் சென்சாரையே காதாக வைத்து, பேரிங் தேயும்போது வரும் அதிர்வை அது கவனிக்கிறது. சந்தேகம் வந்தால் பி1326 பதிவாகும், லைட் மின்னும், வேகம் ஏறாமல் கார் 'லிம்ப் மோடு'க்குப் போய்விடும்.

அதாவது, சென்சார் கெடவில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது! சென்சார் சர்க்யூட்டில் பழுது என்றால் பெரும்பாலும் வருவது பொதுக் கோடான பி0325. பி1326-க்கு டீலரிடம் செய்ய வேண்டியது பேரிங் இடைவெளி சோதனை. அதில் தேறாவிட்டால் இன்ஜினையே மாற்ற வேண்டியிருக்கும்.

கோடை அழிக்கலாமா?

கூடாது. கோடு விழுந்த நேரத்தில் இன்ஜின் எந்த ஆர்.பி.எம்-ல், என்ன சூட்டில் இருந்தது என்ற பதிவும் கூடவே அழிந்துவிடும். மெக்கானிக்குக்கு அதுதான் முக்கியத் துப்பு. பேட்டரியைக் கழற்றினாலும் இதே கதைதான். அழித்துவிட்டு ஓட்டினால் தேய்ந்த பேரிங் நடுரோட்டில் இன்ஜினை ஜாம் ஆக்கலாம், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. லைட் விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்தி, ஆயிலைப் பாருங்கள்.

அமெரிக்காவில் கார் வைத்திருப்பவர்கள், 17 இலக்க வின் நம்பரை அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் போட்டால், ரீகால் பாக்கி இருக்கிறதா என்று காட்டும். ரீகால் வேலைக்குப் பணம் கிடையாது.