கடல் கடந்த தமிழரும் வேலைச் சீட்டும்

ஆண்டு மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டுமென்று சங்க நண்பர்கள் பணித்தபோது, கங்கை கொண்ட சோழனைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். வங்கத்தில் வாழும் தமிழரின் மலரில் இராசேந்திரன் தலைகாட்டாத ஆண்டு உண்டோ? ஆயினும் இவ்வாண்டு அப்பெருவேந்தனுக்கு ஓய்வளித்துவிட்டு, அவன் போல் வென்று திரும்பாமல், பிழைக்கச் சென்று திரும்பிய எளிய மக்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணம் உண்டு.

2025ஆம் ஆண்டில், மேற்கு வங்கத்திலிருந்து பிற மாநிலங்களுக்குக் கொத்து வேலைக்கும் கூலி வேலைக்கும் சென்ற வங்காளிகள் பலர், "நீ எந்நாட்டான்?" என்று கேட்கப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்ட செய்திகளை நாமெல்லாரும் படித்தோம். சிலர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டுப் பின்னர் மீட்டுக் கொணரவும் பட்டனர். திரும்பி வந்த தொழிலாளர்க்கு மாதம் 5,000 ரூபாய் வழங்கும் 'சிரமசிறீ' என்னும் திட்டத்தை மாநில அரசு அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவித்தது. அந்நாள்களில் டிராமிலும் தேநீர்க் கடையிலும் ஒரே விவாதம்: ஒருவனை வேலைக்கு வைக்குமுன் அவன் இந்நாட்டில் இருக்க உரிமை உடையவனா என்பதை வேலை கொடுப்பவரே ஆராய்ந்து உறுதி செய்ய வேண்டுமென்று சட்டம் கட்டாயப்படுத்தலாமா, கூடாதா?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. கடல் கடந்த தமிழனின் வரலாற்றைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் ஒரு சீட்டு கிடைக்கிறது. அச்சீட்டு யார் கையில் இருந்தது என்பதைக் கவனித்தாலே பாதிக் கதை விளங்கிவிடும்.

இலங்கையில் காப்பித் தோட்டங்கள் எழுந்த காலத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் கங்காணிமார் வழியாகவே அங்குச் சென்றனர். கங்காணி தரும் முன்பணமே அவர்களுடைய முதற்கடன். தோட்டத்துரை கங்காணிக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார். 'இவ்வளவு தொகை கட்டினால் இந்த ஆள்களை விடுவிப்பேன்' என்பது அதன் சாரம். அதற்குப் பெயர் 'துண்டு'. கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு வேறு துரையிடம் போவான். அவர் தொகையைக் கட்டுவார். ஆள்கள் தோட்டம் மாறுவர். ஆள்களின் கடன்தொகை இவ்வாறு கை மாறிக் கை மாறி ஏறியதேயன்றி இறங்கவில்லை. இங்குச் சீட்டு உழைப்பவன் கையில் இல்லை என்பதை அன்பர்கள் நோக்குக. அவனைப் பற்றிய காகிதம், அவன் அறியாமலே, இருவரிடையே உலவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டும் வந்தது. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரத் துண்டை அணிந்துகொண்டு தட்டப்பாறை, மண்டபம் முகாம்களின் வழியே மக்கள் சென்றனர். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

அதுவரை சீட்டு கேட்ட கேள்வி, "நீ எந்தத் தோட்டத்து ஆள்?" என்பது மட்டுமே. "நீ எந்த நாட்டு ஆள்?" என்ற கேள்வி பின்னரே எழுந்தது. அதை உரக்கக் கேட்ட முதலாளி இலங்கை அரசாங்கமே என்பது என் போன்ற இரயில்வே ஊழியன் மறக்கக் கூடாத செய்தி.

1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் வாணிகம் வீழ்ந்தது. கொழும்பில் வேலையில்லாத சிங்களத் தொழிலாளர் பெருகினர். இரயில்வேயிலும் மராமத்து இலாகாவிலும் துறைமுகத்திலும் தமிழரும் மலையாளிகளும் நாட்கூலிகளாக இருந்தனர். ஒரு காலத்தில் இந்தியத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டு வேலைநிறுத்தங்களை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவே மலையாளிகளுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார் என்றால், காற்று எப்பக்கம் வீசியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தன் ஊரில் தனக்கு வேலையில்லாதபோது அயலூரான் அங்கே மண் சுமப்பதைப் பார்ப்பவனுக்குப் பொருளாதார நூல் படித்துக் காட்டிப் பயனில்லை.

1939இல் இலங்கை அரசு ஒரு முடிவு செய்தது. அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியருள், 1934 மார்ச்சுக்குப் பின் சேர்ந்தவர்களை நீக்குவது; அதற்கு முன் சேர்ந்தவர்கள் தாமாக விலகி ஊர் திரும்பினால் வழிச்செலவும் உபகாரத் தொகையும் கொடுப்பது. ஒவ்வோர் இலாகாவிலும் எழுத்தர்கள் பெயர்ப் பட்டியலை விரித்து வைத்து, யார் இலங்கையர், யார் இந்தியர், யார் எந்த மாதத்தில் சேர்ந்தார் என்று பிரித்திருப்பர். அந்த எழுத்தரின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். மஸ்டர் ரோலில் ஒரு தேதி மங்கலாயிருந்தால் அவர் எதை எழுதியிருப்பார்? ஐந்தாண்டுக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒருவனுடைய சோறு தொங்கிக்கொண்டிருந்தது.

அவ்வாண்டு ஜூலையில் காங்கிரசின் சார்பில் ஜவகர்லால் நேரு கொழும்பு சென்று பேசிப் பார்த்தார். முடிவு மாறவில்லை. ஆனால் அவர் சென்றதன் பயனாக, பிரிந்து கிடந்த இந்தியர் அமைப்புகள் ஒன்று கூடி, 1939 ஜூலை 25இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. இந்திய அரசு தன் பங்கிற்கு, ஆகஸ்ட் 1 முதல் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. இங்கு நொந்தவர், மனைவியை ஊரில் விட்டுத் தோட்டத்தில் இருந்தவர். அல்லது தாம் தோட்டத்தில் இருக்கப் பெற்றோரை ஊரில் வைத்திருந்தவர். இரு அரசுகளின் பிணக்கில் இவர்களுடைய போக்குவரத்தே அறுபட்டது. பின்னர் 1948இல் குடியுரிமைச் சட்டமும், 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தமும் வந்ததும், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்ததும் பலரும் எழுதியவை. ஆகவே அவற்றை இங்கு விரிக்கவில்லை.

பர்மாவைப் பற்றி ஒரு சொல். கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து இரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர்களுள் எல்லா மொழியினரும் உண்டு. 1941 ஜூலையில் இந்திய, பர்மா அரசுகள் செய்துகொண்ட உடன்பாடு, 'ஏ' அனுமதி, 'பி' அனுமதி என்று இரு வகை வகுத்தது. 'ஏ' பெற்றவர் காலவரையறையின்றித் தங்கி வேலை செய்யலாம். 'பி' பெற்றவர் குறித்த காலம் மட்டுமே. இந்தியாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது, காந்தியடிகளும் கண்டித்தார். ஆனால் அது நிலைபெறுமுன் ஜப்பானியர் குண்டு விழுந்தது. 1942இல் காடும் மலையும் கடந்து அஸ்ஸாம் வழியே நடந்து வந்தவர்களிடம் எவரும் எந்த அனுமதியையும் கேட்கவில்லை.

இனி மலாயாவுக்கு வருவோம். இவ்விவாதத்திற்கு மிக அணுக்கமான சான்று அங்கேதான் உள்ளது.

இந்திய அரசு 1938இல் தொழிலாளரை உதவியளித்து மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆகவே அதன் பின் முப்பதாண்டு கழித்து இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழருள் பெரும்பாலோர் நெடுங்காலம் அங்கேயே வாழ்ந்தவர்கள், அல்லது அங்கேயே பிறந்தவர்கள். 1957 ஆகஸ்ட் 31இல் மலாயா விடுதலை பெற்றது. அன்றும் அதன் பின்னும் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிகளாயினர். ஐந்தாண்டு கழித்து அவ்விதியும் இறுக்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். மலாய் மொழி சிறிதளவு அறிந்திருக்க வேண்டும். மொழித் தேர்வை ஓராண்டுக்குத் தளர்த்தியும் இருந்தனர். நகரத்துக் கடைக்காரரும் எழுத்தரும் இதைப் பயன்படுத்திக்கொண்டனர். தோட்டத்து லயத்தில் இருந்தவனுக்கோ பிறப்புச் சான்று இல்லை. இருந்தாலும் அதில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணம் போய் வரிசையில் நிற்க வேண்டும். "இத்தனை காலம் இல்லாத சீட்டு இப்போது எதற்கு?" என்று அவன் நினைத்ததில் வியப்பில்லை. குடிகளுக்கு நீல அட்டை. குடியல்லாத நிரந்தர வாசிகளுக்குச் சிவப்பு அட்டை. இரண்டையும் சட்டைப் பையில் வைத்தால் எடை ஒன்றே.

எடை வேறுபட்டது 1968இல். அவ்வாண்டு மலேசிய நாடாளுமன்றம் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும். அச்சீட்டில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளி குற்றவாளி. நாட்டுக் குடிமக்களுக்கே முதலில் வேலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். 1969 மே 13இல் கோலாலம்பூரில் இனக் கலவரம் மூண்டது. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் நடவடிக்கை மன்றம் ஆட்சி நடத்தியது. அச்சூழலில் சட்டம் கண்டிப்பாகச் செயற்படுத்தப்பட்டது.

அன்றைய தோட்ட மேலாளர் எல்லாரும் கொடியவரல்லர். ஆயினும் சட்டம் அவர் கையில் ஒரு புதிய அதிகாரத்தை வைத்தது. சிவப்பு அட்டைக்காரனை வைத்துக்கொண்டால் விண்ணப்பம், காத்திருப்பு, தண்டனை அச்சம். நீக்கிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. இருபதாண்டு உழைப்பை ஒரு பக்கமும் ஒரு நாள் எழுத்து வேலையை இன்னொரு பக்கமும் வைத்தால் அலுவலகத் தராசு எப்பக்கம் சாயும் என்பதை அலுவலகத்தில் வேலை செய்பவன் அறிவான். சீட்டு கிடைத்தாலும் குறித்த காலத்திற்கே. அக்காலத்தில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்ததால் வேலையே குறைந்துவந்தது. தோட்டங்களைத் தொழிலாளரே கூட்டாக வாங்க வேண்டுமென்று துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில குடும்பங்களைக் காத்தது. ஆனால் சுமார் 60,000 இந்தியர் மலேசியாவை விட்டு வெளியேறினர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

1926இல் கட்டிய 'இராஜூலா' என்னும் கப்பல் அப்போதும் பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுள் மூத்தவனுக்குச் சிவப்பு அட்டை, இளையவனுக்கு நீல அட்டை என்று ஒரே வீட்டில் இரு நிறம் இருந்த குடும்பங்கள், எவரைக் கொண்டு செல்வது, எவரை விட்டுச் செல்வது என்று கணக்கிட வேண்டியவை ஆயின.

அதன் பின் நடந்ததே இவ்வரலாற்றில் சிந்திக்கத் தக்கது. தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை வந்தது. மலேசியக் குடிமக்கள் நகரத்துத் தொழிற்சாலைகளை நாடினரேயன்றி, விடியற்காலையில் எழுந்து பால் வெட்ட வரவில்லை. ஒப்பந்தக்காரர்கள் புகுந்தனர். அவர்கள் கொண்டு வந்த இந்தோனேசியருள் பலர் இரவில் படகேறி வந்தவர்கள். அவர்களிடம் நீலமுமில்லை, சிவப்புமில்லை. "ஆளை வைத்தவர் ஒப்பந்தக்காரர், எமக்குத் தெரியாது" என்று சொல்லத் தோட்டத்துக்கு வழி பிறந்தது. 1984இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மேடானில் உடன்பாடு செய்துகொண்டு ஆள் வரத்தை ஒழுங்குபடுத்த முயலும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. சீட்டில்லாத தமிழனைச் சட்டத்துக்கஞ்சி விலக்கிய தோட்டங்களில், சீட்டே இல்லாத வேறொருவன் குறைந்த கூலிக்கு நின்றான். எஞ்சியிருந்த சிவப்பு அட்டையினருள் அறுபது வயது கடந்த இந்தியர்க்குக் குடியுரிமை வழங்குவதாக மலேசிய அரசு அறிவித்தது 2018இல். சட்டம் வந்து ஐம்பதாண்டு ஆகியிருந்தது.

இது நம் கிழக்கு நாடுகளின் குறை மட்டுமன்று. அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டுச் சட்டம், திருட்டுத்தனமாக நுழைந்தவனுக்கு அடைக்கலம் தருவது குற்றம் என்று விதித்துவிட்டு, வேலை தருவது மட்டும் அடைக்கலமாகாது என்று ஒரு விலக்கையும் வைத்தது! டெக்சாஸ் பண்ணையார்களின் பொருட்டு வைத்தமையால் அதற்கு டெக்சாஸ் விலக்கு என்றே பெயர். 1986இல் அவ்விலக்கு நீங்கி, ஒவ்வொரு முதலாளியும் ஒவ்வொரு புதிய ஊழியனின் ஆவணங்களையும் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டுமென்று ஆயிற்று. நான்காண்டு கழித்து அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்தபோது, அயல் முகமும் அயல் உச்சரிப்பும் உடையவர்களை, அவர்கள் குடிமக்களாயினும், முதலாளிகள் பரவலாக ஒதுக்கியது தெரியவந்தது. ஆவணத்தைப் பார் என்று சட்டம் சொன்னது. அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்படியாயின் சோதனையே கூடாதென்று நான் சொல்வதாக அன்பர்கள் கொள்ளலாகாது. எல்லையுள்ள நாடு தன் குடிகளை அறிந்திருக்கத்தான் வேண்டும். குறைந்த கூலிக்கு ஒளித்து வைத்து வேலை வாங்கும் முதலாளியைத் தண்டிக்கவும் வேண்டும். என் ஐயம் எல்லாம், அந்த ஆராய்ச்சியை ஒப்பந்தக்காரரின் மேஸ்திரியிடம் ஒப்படைக்கலாமா என்பதே. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம், புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் ஒன்றை ஒப்பந்தக்காரர் தொழிலாளிக்கே கொடுக்க வேண்டுமென்று விதித்தது. கூலி விகிதமும் அதில் எழுதப்பட வேண்டும். கங்காணியின் துண்டுக்கு நேர் எதிரான ஏற்பாடு அது. என் பணிக்காலத்தில் ஒப்பந்த ஆள்கள் எத்தனையோ பேரின் காகிதங்களைப் பார்த்துக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். அக்கைப்புத்தகம் வைத்திருந்த ஒருவனைக்கூட நான் கண்டதில்லை.

எழுத்துப் பிழையின் அருமை நமக்குத் தெரியாததன்று. முதலெழுத்தோடு ஊருக்கு வந்த தமிழர் எவரேனும் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் திகைக்காதவர் உண்டோ? என் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். பணிப் பதிவேட்டில் தந்தை பெயர் முன்னும் என் பெயர் பின்னும். எனக்கு அது நகைப்பு. பிளாட்பாரத்தில் கல் பதிக்க வந்த முர்ஷிதாபாத் இளைஞன் ஒருவனுக்கு அது அப்படியன்று. அவனுடைய ஓர் அட்டையில் 'சேக்' முன்னும், மற்றதில் பின்னும் நின்றது. இங்கு வேலை முடிந்ததும் சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போவதாகச் சொன்னான்.

"தாதா, அங்கே கேட்டால் நான் என்ன சொல்வேன்? எனக்கு அந்த மொழி தெரியாதே. நீங்கள் ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்றான்.

இரண்டு அட்டையும் ஒருவனுடையவையே என்றும், அவன் ஊர், காவல் நிலையம், மாவட்டம் இன்னவை என்றும், ஐயமிருப்பின் என்னைக் கேட்கலாமென்றும் தமிழில் எழுதி, என் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன். அதற்குச் சட்ட மதிப்பு ஏதுமில்லை என்றும் அவனிடம் சொன்னேன். அவன் அதை நான்காக மடித்து, இரண்டு அட்டைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.