கள்ளத்தோணி!

பள்ளித் திடலில் ஒரு சச்சரவு. பந்து எவன் கையில் இருக்க வேண்டும் என்பதிலே தொடங்கிற்று. எவன் எந்த மண்ணில் இருக்க வேண்டும் என்பதிலே போய் முடிந்தது. "போடா, கள்ளத்தோணி!" என்று வீசினான் ஒருவன். வாங்கிக்கொண்டவன் வாய் திறக்கவில்லை. திண்டுக்கல்லை அடுத்த இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து நாள்தோறும் வந்து படிக்கும் பிள்ளை அவன். பிறந்தது இம்மாவட்டத்தில், கடலைக் கண்ணால் கண்டதில்லை, தோணியில் கால் வைத்ததில்லை. எனினும், கள்ளத்தோணி!

அடித்துத் திருத்தும் பழக்கம் நமக்கில்லை. அந்தச் சொல் எங்கே பிறந்தது, எவர் அதை வளர்த்தனர், எத்தனை இலட்சம் மக்களின் வாழ்வைத் தின்று அது கொழுத்தது என்பதை மறுநாள் வகுப்பில் எடுத்துரைத்தோம். உரைத்ததை இங்கே எழுதுகிறோம். பிள்ளைகள் மட்டும் அறிந்தால் போதாது. பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தானே பிள்ளைகள் பேசுகின்றனர்!

நம் ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர். வீட்டுக்குரியவன் கதவைப் பூட்டுதல் குற்றம் என்று திண்டுக்கல்லில் பிறந்தவன் எவனும் சொல்லமாட்டான். நாட்டுக்கும் அஃதே. எல்லை உண்டு, எல்லைக்குக் காவல் உண்டு, வருவோர் போவோரைக் கணக்கெடுக்கும் உரிமை உண்டு. அதை மறுக்கும் எண்ணம் நமக்கு இல்லை. நாம் கேட்பது வேறு. வீட்டைக் கட்டியவனை உள்ளே வைத்துக்கொண்டே பூட்டை மாற்றிவிட்டு, "திறவுகோல் எங்கே? காட்டு! காட்டாவிடில் நீ திருடன்!" என்றால், அதற்குப் பெயர் காவலா?

இலங்கை மலையகத்தில் நடந்தது அதுதான்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், கண்டிச்சீமையில் வெள்ளையர் காப்பி பயிரிட்டனர். காடு அழிக்க ஆள் வேண்டும். கொட்டை பறிக்க ஆள் வேண்டும். இக்கரையிலோ பசி! 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தமிழகத்தைச் சூறையாடிற்று. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மக்கள் கங்காணியின் பின்னே நடந்தனர். அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நம் திண்டுக்கல் சமவெளியும் அதற்கு விலக்கன்று. கடற்கரை வரை நடை, பிறகு தோணி, மன்னாரில் இறங்கி மீண்டும் காட்டுவழி நடை. வழியிலே மாண்டோர் பலர். பின்னாளில், எண் பொறித்த தகரத்துண்டு ஒன்றைக் கழுத்திலே கட்டி அனுப்பினர். பெயருக்குப் பதில் எண். மனிதனுக்குப் பதில் சரக்கு!

அந்தத் தோணி கள்ளத்தோணியா? இல்லை. அழைத்த தோணி, அரசு அறிந்த தோணி, தோட்டத்துரை கணக்கெழுதிய தோணி. காப்பியை நோய் அழித்தது, தேயிலை தழைத்தது. அந்தத் தேயிலையால் கொழும்பு கொழித்தது, இலண்டன் சிரித்தது. பறித்தவள் மட்டும் பத்தடிக்குப் பத்தடி லயத்து அறையிலே இருமிக்கொண்டு கிடந்தாள்.

1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய வழித் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்தனர். இலங்கை இந்திய காங்கிரசின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் புகுந்தனர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் அவர்கள் வாக்கு துணைநின்றது. ஆட்சியிலிருந்தோர் விழித்துக்கொண்டனர். விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே வந்தது குடியுரிமைச் சட்டம். தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பாட்டனுக்கு வெள்ளையன் கொடுத்தது தகரத்துண்டு. பேரனிடம் இவர்கள் கேட்டது பிறப்புச் சான்று! 1949-இல் இன்னொரு சட்டம்: விண்ணப்பியுங்கள், ஆராய்ந்து தருகிறோம் என்றனர். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. எஞ்சியோர் எந்நாட்டாரும் அல்லர்; நாடற்றவர்!

சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியோர் சொன்ன நியாயம் ஒன்றுண்டு. "கண்டி உழவன் நிலமிழந்து நிற்கிறான், வந்தேறிகள் வாழ்கிறார்கள்" என்றனர். கண்டி உழவனின் துயரம் பொய்யன்று. ஆனால் அவன் காட்டையும் மேட்டையும் அரசுடைமை என்று சொல்லித் தோட்டத்துரைக்கு விற்க வழிசெய்தது 1840-ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம். பறித்தவன் துரை, பழி சுமந்தவள் கொழுந்து பறித்தவள். ஏழைக்கும் ஏழைக்கும் பகை மூட்டுதல் ஆள்வோர்க்கு எந்நாட்டிலும் கைவந்த கலையன்றோ!

இனித்தான் அந்தச் சொல்லின் கதை. உரிய தாளின்றிப் படகேறி இலங்கையில் இறங்கியோர் உண்மையில் இருந்தனர். அவர்களைத் தடுக்க 1952-இல் இராணுவம் வடமேற்குக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டது. 1963-இல் அது கள்ளக் குடியேற்றத் தடுப்புப் படையாக விரிந்தது. 1981 வரை நின்றது. கடலோரக் காவலுக்குப் பிறந்த சொல் கடலோரத்திலேயே நின்றிருந்தால் வழக்கில்லை. அது மலையேறிற்று! மேடை அதைத் தூக்கிற்று. செய்தித்தாள் அதைச் சுமந்தது. சந்தையிலும் பேருந்திலும் அது வசையாயிற்று. மூன்று தலைமுறையாய்த் தோட்டத்தில் பிறந்தவனும் கள்ளத்தோணி. நேற்றுக் கரையிறங்கியவனும் கள்ளத்தோணி. குற்றம் செய்தவனைச் சுட்டிய சொல், குலத்தையே குற்றமாக்கிற்று. சட்டம் பறித்தது வாக்கை. சொல் பறித்தது மதிப்பை.

எழுத்து இப்படித்தான் பயன்பட வேண்டுமென்று விதியா? இல்லை. தஞ்சைச் சீமையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், அயலார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடைவை வணிகராக வேடமிட்டுப் புகுந்தார், கண்டதை எழுதினார். 1921-இல் 'தேசநேசன்', பின்னர் 'தேசபக்தன்' என்று இதழ்கள் நடத்தினார், தொழிற்சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். அங்கேயும் வேடம் இருந்தது, பாட்டு இருந்தது, பத்திரிகை இருந்தது. ஆனால் வேடம் கைதட்டலுக்கன்று, கதவு திறப்பதற்கு!

இக்கரையில் நாம் என்ன செய்தோம்? 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம்! அந்த மிச்சத்தை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். பங்கு போடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தான மறு ஆண்டு, 1965-இல், எம்.ஜி.ஆர். இலங்கை சென்றார். கண்டிச்சீமையிலே 1917-இல் பிறந்தவர் அவர். சென்ற இடமெல்லாம் மக்கள் வெள்ளம். அவர் கட்சி தொடங்கியபின் முதல் வெற்றியை 1973-இல் அளித்ததும் நம் திண்டுக்கல்தான். ஆனால், அந்த ஆண்டுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய ஆயிரமாயிரம் பேரைக் காணத் திரண்ட கூட்டம் எத்தனை? 2008-இல் ஈழத்தில் குண்டு பொழிந்தபோது திரையுலகினர் இராமேசுவரத்தில் திரண்டனர். சென்னையில் உண்ணாநிலை இருந்தனர். அவர்தம் கண்ணீரை நாம் ஐயுறவில்லை. ஆயினும் மறுநாள் ஊர்ப் பேச்சு என்ன? எந்த நடிகர் வந்தார், எவர் வரவில்லை, எவர் முகம் வாடியிருந்தது! குண்டடிபட்டவன் பெயர் எவர் நாவிலும் இல்லை. விளக்கைப் பார்த்தோம், விளக்கு காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை. பழி விளக்குக்கு மட்டுமா?

'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்குப் பெயரிட்டது அரசு. பாட்டன் ஊர் தெரியாது, பங்காளி எவன் என்று தெரியாது, திரும்பினார்களாம்! மலை தேடி நீலகிரிக்கும் நம் கொடைக்கானலுக்கும் ஏறினர் பலர். அங்கே மரப்பட்டை உரிக்கும் கூப்புகளிலே முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாய்ச் சிக்கினர் சிலர். அங்கே 'கள்ளத்தோணி', இங்கே 'சிலோன்காரன்'.

1983 கலவரத்துக்குப் பின்னர் வந்தோர் அகதிகளாயினர். அவர்களுள்ளும் மலையக வழியினர் உண்டு. நம் நாட்டுச் சட்டம் அவர்களை எப்படி அழைத்தது? 'சட்டவிரோதக் குடியேறிகள்'! 2019-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிசுதான், வங்கதேசம், ஆப்கானிசுதான் ஆகிய மூன்றையும் எண்ணிற்று, இலங்கையை எண்ணவில்லை. 2015 சனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தோருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு 2025-இல் கிடைத்தது. தண்டனை நீங்கிற்று, குடியுரிமை வரவில்லை. இலங்கையோ 1988-இலும் 2003-இலும் சட்டமியற்றித் தன் நாடற்றோரின் குறையைப் பெரிதும் தீர்த்துக்கொண்டது. பழித்த நாடு திருந்திற்று. பரிவு பேசிய நாடு தயங்குகிறது! செய்ததையும் சொல்லத்தான் வேண்டும்: 2022-இல் தோட்டனூத்தில் 321 வீடுகள் எழுந்தன. ஓட்டைக் கூரையின்கீழ் வாழ்ந்தோர்க்கு அது பெருநலம். வீடு வந்தது; நாடு வரவேண்டும்.

இவற்றையெல்லாம் உரைத்துவிட்டு, "உங்கள் வீட்டு முதியோரைக் கேட்டு வாருங்கள், கண்டிக்குப் போனவர் எவரேனும் உண்டா?" என்றோம். மறுநாள் ஆறு கைகள் உயர்ந்தன. பாட்டியின் பெரியப்பன் ஒருவர், போனவர் திரும்பவேயில்லை. கொள்ளுத்தாத்தாவின் தங்கை ஒருத்தி. ஒரே ஒரு கடிதம் வந்ததாம். வசை வீசிய மாணவன் கை தூக்கவில்லை. ஆனால் மணியடித்ததும் பந்தை எடுத்துப்போய் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தான். பேச்சில்லை, ஆட்டம் தொடங்கிற்று.

பிள்ளைகள் தீர்த்துக்கொண்டனர். தீர்க்க வேண்டியோர் இன்னும் இருக்கின்றனர். பூட்டுச் செய்யும் ஊரார்க்கு ஓர் உண்மை தெரியும்: திறவுகோல் இல்லாத பூட்டு, பூட்டன்று, வெறும் இரும்பு!