கொச்சபம்பாவின் நீர்ப்போரும் அதன் முன்வரலாறும்

தென் அமெரிக்க நாடாகிய பொலிவியாவில், கொச்சபம்பா நகரில் 2000ஆம் ஆண்டு நிகழ்ந்த மக்கட் கிளர்ச்சி ‘நீர்ப்போர்’ என வழங்கப்படும். கட்டண உயர்வைப் பொறாத மக்கள் திடீரெனக் கிளர்ந்தெழுந்தனர் என்று கூறி அமைவாருமுளர். கட்டணம் உயர்ந்தது உண்மையே. சிலருக்கு இருமடங்காகவும் உயர்ந்தது. எனினும் கிளர்ச்சியின் வேர் அதனினும் ஆழமானது.

1999 செப்டெம்பரில் அரசு, நகரின் நீர்வழங்கலைப் பெரும்பாலும் பிறநாட்டு முதல் கொண்ட கம்பனியொன்றிடம் 40 ஆண்டுகளுக்கு ஒப்படைத்தது. அடுத்த மாதம் இயற்றப்பட்ட 2029ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய கம்பனிக்குத் தனியுரிமை அளித்தது. தாமே தோண்டிய கிணறுகளும் முறைவைத்துப் பாய்ச்சிய வாய்க்கால் நீரும் பறிபோகுமென மக்கள் அஞ்சினர். மழைநீருக்கே வரி விதிக்கப்பட்டது என்பாரின் கூற்று மிகையே, அச்சமோ மிகையன்று.

நகரின் தென்புறத்திற் கிணறு தோண்டியோருட் பலர், 1985ஆம் ஆண்டின் பொருளாதார ஆணையால் வேலையிழந்து குடிபெயர்ந்த வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர். தொழிற்சங்கப் பயிற்சியையும் அவர்கள் உடன் கொணர்ந்தனர். சூழவுள்ள பள்ளத்தாக்கின் உழவரோ 1952ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனாக நிலம் பெற்றோரின் வழியினர். நிலச்சீர்திருத்த ஆணை 1953 ஓகஸ்ட் 2ஆம் நாள் கைச்சாத்திடப்பட்டதும் இப்பள்ளத்தாக்கின் உக்குரேனா என்னும் ஊரிலேயாம். நீரின்றி அந்நிலத்தாற் பயன் யாது?

பாதைகளை மறித்து நகரை முடக்குதல் ஆண்டிஸ் மலைமக்களின் பழைய போர்முறை. 1781இல் துபாக் கட்டாரி லா பாஸ் நகரைப் பல மாதங்கள் முற்றுகையிட்டான். 1974 சனவரியில், உணவுப்பொருள் விலையேற்றத்தை எதிர்த்துக் கொச்சபம்பாப் பள்ளத்தாக்கின் உழவர் சாலைகளை மறித்தனர். தொலாத்தாவிலும் எப்பிசானாவிலும் இராணுவம் சுட்டதிற் பலர் மாண்டனர். அந்நாட் சர்வாதிகாரி ஊகோ பான்சர். 2000 ஏப்ரில் 8ஆம் நாள் நீர்ப்போரை அடக்க அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தவரும், தேர்தல் வழியே மீண்டும் சனாதிபதியாகியிருந்த அதே பான்சரே! அன்றும் குண்டு பாய்ந்து 17 வயது மாணவனொருவன் உயிரிழந்தான்.

 2000இல் ஆலைத் தொழிலாளர் தலைவர் ஒஸ்கார் ஒலிவேரா முதலியோர் நடாத்திய கூட்டமைப்பில் உழவரும் நகரத்தாரும் ஒருங்கு நின்றனர். இவ்விருவரையும் நீர் சேர்த்தது. இரு நாட்களில் அரசு இணங்கியது. ஒப்பந்தம் கைவிடப்பட்டது, சட்டமும் திருத்தப்பட்டது. கம்பனியார் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கு 2006 சனவரியிற் பெயரளவான தொகையுடன் முடிவுற்றது.

நீர்வழங்கல் மீண்டும் நகரின் பொது நிறுவனத்திடம் வந்தது. ஆயினும் சுரங்கத் தொழிலாளர் குடியேறிய தென்புறத்திற் பின்னும் பல்லாண்டுகள் நீர்தாங்கி வண்டிகளே தண்ணீர் விற்றுவந்தன.