விருதுபட்டிப் பையனும் சேலத்து டாக்டரும்

ஜூலை 15 வந்தால் நம் ஊரில் காமராஜரைப் பேசாத மேடை கிடையாது. அவரை அரசியலுக்கு இழுத்தவர் யார் என்று கேட்டால், தீரர் சத்தியமூர்த்தி என்று சட்டென்று பதில் வரும். குரு அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, விருதுநகர் இன்னும் விருதுபட்டியாக இருந்த நாளில், தாய்மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக்கடையில் இருந்த பையனை அரசியல் பக்கம் திருப்பிய பேச்சாளர்களில் முக்கியமானவர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு.

1887-ல் ராசிபுரத்தில் பிறந்தவர். டாக்டர் என்றதும் ஸ்டெதாஸ்கோப்பை நினைக்க வேண்டாம். இவர் நாட்டு வைத்தியர். நல்ல பெயரும் வருமானமும் தந்த தொழில். அதை விட்டுவிட்டுத்தான் மேடை ஏறினார். டாக்டர் என்ற பட்டம் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1918-ல் மதுரை ஹார்வி மில் தொழிலாளர்கள் நடுவே பேசியதற்காக ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். அவருக்காக வாதாட வந்தவர் சேலத்து வக்கீல் ராஜாஜி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாயுடு, நாயக்கர், முதலியார் என்று வரதராஜுலுவையும் பெரியாரையும் திரு.வி.க.வையும் சேர்த்துச் சொன்ன காலம் அடுத்து வந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற விவகாரம் வெடித்தபோது, தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் விடாமல் எழுதினார். பத்திரிகை என்றால் அவருக்குப் பித்து. இன்று பெரிய நிறுவனமாக இருக்கும் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ஸை 1932-ல் சென்னையில் தொடங்கியவரே இந்த வைத்தியர்தான். பணம் கட்டுப்படியாகாமல் சீக்கிரமே சதானந்திடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு இந்து மகாசபைக்குப் போனார், மறுபடி காங்கிரசுக்கே திரும்பினார். பெரியாரோடு நின்று சாதியை எதிர்த்தவர் அங்கே ஏன் போனார் என்பது எனக்கு இன்றும் ஒட்டாத விஷயம். அவர் பெயர் பின்னால் மங்கியதற்கு இந்தத் தாவல்களும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். எந்தக் கட்சியும் தன்னவர் என்று உரிமை கொண்டாட முடியவில்லை.

1953-ல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் நம் வயதினருக்குத் தெரியும். அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று வெளியே திராவிட இயக்கத்தார் போராட, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்புக்கு முன்னால் நின்றவர் வரதராஜுலு நாயுடு. தமக்காகக் கோர்ட்டில் நின்ற வக்கீலையே எதிர்த்தார். ராஜாஜி விலகினார்.

1954 மார்ச் 30. புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி கூடியது. ராஜாஜி பக்கம் சி. சுப்பிரமணியம். எதிரே காமராஜர். அவர் பெயரை முன்மொழிந்தவர் நாயுடு, வழிமொழிந்தவர் என். அண்ணாமலைப் பிள்ளை. காமராஜருக்கு 93 ஓட்டு, சுப்பிரமணியத்துக்கு 41. ஜவுளிக்கடைப் பையனை அரசியல் பக்கம் திருப்பிய அதே குரல், ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து அவர் பெயரை முதலமைச்சர் நாற்காலிக்குச் சொன்னது. மூடப்பட்ட பள்ளிகள் திறந்ததும் மதிய உணவு வந்ததும் அதற்குப் பின்னால்தான்.

1957 தேர்தலில் காமராஜர் நம் சாத்தூரில் நின்று ஜெயித்து மறுபடியும் முதலமைச்சரானார். அதே வருஷம் ஜூலை 23-ல் டாக்டர் காலமானார்.