அழுத்தம் ஏறியது, வடிகட்டி நுணுகியது

டீசல் பிக்கப்பின் ஃபில்டரை வெறும் உதிரிப்பாகமாக நினைப்பது வரலாற்றை மறப்பதாகும். 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளைச் சிலிண்டருக்குள் செலுத்தியது அழுத்தப்பட்ட காற்று. 1927இல் பாஷ் நிறுவனம் எரிபொருளைச் செலுத்தும் தன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தபின், மிக நுண்ணிய உலோக இடைவெளிகள் கொண்ட அந்தப் பம்பே காற்றின் வேலையை ஏற்றது. அன்றுமுதல் தூசியும் நீரும் எஞ்சினின் எதிரிகளாயின. 1989இல் அமெரிக்காவின் டாட்ஜ் ராமில் வந்த கம்மின்ஸ் எஞ்சினுக்கு இயந்திரப் பம்பே இருந்தது. 2001இல் ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் எஞ்சின், காமன் ரெயில் எனும் எரிபொருள் செலுத்தும் முறையில் சுமார் 1,600 பார் அழுத்தத்தை எட்டியது. அழுத்தம் ஏற ஏற, முன்பு தீங்கு செய்யாத துகளும் இன்ஜெக்டரை அரிக்கத் தொடங்கியது; வடிகட்டியும் நுண்மையாக வேண்டியிருந்தது.

இன்றைய டீசல் தூய்மையானதாயிற்றே, பழைய வடிகட்டியே போதாதா என்று கேட்கலாம். 2006 முதல் அமெரிக்கச் சாலை டீசலில் கந்தகம் 15 பிபிஎம் அளவுக்குக் குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் குறைந்தது கந்தகம்தான்; சேமிப்புத் தொட்டியில் சேரும் நீரையும் துருவையும் அந்தக் குறைப்பு தடுக்காது. விலை குறைந்தது என்பதற்காகப் பொருந்தாத ஃபில்டரை வாங்குவது சிக்கனமாகாது. எத்தனை மைக்ரான் துகளைத் தடுக்கிறது, நீரைப் பிரிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்குள் மாற்றுங்கள்.